விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடுவது

காலையில் சிக்னலில் நின்றபோது ஸ்டீயரிங்கையே உதற வைத்த எஞ்சின், மெக்கானிக் வாசலுக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். "இப்போ பாருங்க, நல்லாத்தான் இருக்கு" என்று வண்டிக்காரர் சங்கடமாகச் சிரிப்பார். ஸ்கேனரைச் செருகினால் பி0302, அதாவது இரண்டாவது சிலிண்டர் எரிய வேண்டிய முறையில் எரியாமல் விடுகிறது (மிஸ்ஸிங்) என்று ஒரு குறியீடு மட்டும் உட்கார்ந்திருக்கும். அடுத்து நடப்பது பல இடங்களில் ஒரே கதைதான். குறியீட்டை அழிப்பார்கள், இரண்டாவது சிலிண்டருக்குப் புது காயில் (பிளக்குக்கு உயர்வோல்ட் கொடுக்கும் பாகம்) போடுவார்கள், அனுப்பிவிடுவார்கள். நாலு நாளில் வண்டி திரும்பி வரும்.

குறியீடு சொல்வது எந்த சிலிண்டர் என்பதை மட்டும். அது எப்போது மிஸ் ஆகிறது என்பதை நாம்தான் பிடிக்க வேண்டும். குளிரிலா சூட்டிலா, ஐடிலிலா (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போதா) ஏற்றத்திலா, ஈரத்திலா குலுக்கலிலா என்று தெரிந்துவிட்டால், சந்தேகப்பட வேண்டியவை இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும். அதனால்தான் இதைக் குறியீட்டு வரிசையில் எழுதாமல் அறிகுறி வரிசையில் எழுதுகிறேன். எல்லாம் ஓபிடி-2 சாக்கெட் (ஸ்கேனரைச் செருகும் இடம்) உள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு. காஸில் ஓடும் வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அழிப்பதற்கு முன்

குறியீடு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒரு புகைப்படம் போல எடுத்து வைத்திருக்கும். அதுதான் ஃப்ரீஸ் ஃப்ரேம். ஆர்பிஎம், வேகம், லோடு சதவீதம், கூலண்ட் சூடு, ஃப்யூல் ட்ரிம் (இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்ற கணக்கு) எல்லாம் அதில் இருக்கும். குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது ஸ்கேனர் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2,200 ஆர்பிஎம், லோடு 85 சதவீதம், கூலண்ட் 92 டிகிரி என்று இருந்தால் வண்டி சூடாகி ஏதோ ஏற்றத்தில் இழுத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். 780 ஆர்பிஎம், வேகம் பூஜ்யம், கூலண்ட் 24 டிகிரி என்றால் காலையில் ஸ்டார்ட் செய்ததுமே வந்திருக்கிறது. இரண்டும் ஒரே பி0302தான். தேட வேண்டிய இடம் வேறு வேறு.

மிஸ்ஸிங் நடந்தது இசியுவுக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 180 டிகிரி சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரிந்து அதற்கு ஒரு உதை கொடுக்கிறது. 800 ஆர்பிஎம் ஐடிலில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 27 உதை. அதில் ஒன்று தவறினால் கிராங்க் ஒரு கணம் சுணங்கும். கிராங்க் சென்சார் வழியாக அந்தச் சுணக்கத்தைப் பார்த்து, அப்போது யார் முறை என்று கணக்குப் போட்டு, அந்த சிலிண்டர் மேல் இசியு பழியைப் போடுகிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பொறி வரவில்லையா, பெட்ரோல் வரவில்லையா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) இல்லையா என்பது அதற்குத் தெரியாது. பி0302 என்பதை 'காயில் குறியீடு' என்று படிப்பதுதான் முதல் தவறு.

இந்தக் கணக்கு இரண்டு அளவில் நடக்கிறது. 200 சுற்றுக்குள் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) வெந்துபோகும் அளவுக்கு மிஸ் ஆனால் செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னும். அப்போது ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு ஓரங்கட்டுவதுதான் சரி. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்தால் அந்தப் பார்ட் அதோடு முடிந்தது. இன்னொரு கணக்கு 1,000 சுற்றுக்கு ஒரு தடவை, புகை மாசு கூடுகிறதா என்று பார்ப்பது. இதில் பெரும்பாலும் இரண்டு ஓட்டங்களில் பழுது தென்பட்ட பிறகுதான் விளக்கு எரியும். "நேத்துதான் விளக்கு வந்துச்சு, ஆனா ஒரு வாரமா உதறுது" என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள். விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனரின் பென்டிங் பகுதியில் (இன்னும் உறுதியாகாத பழுதுகளின் பட்டியல்) குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்றத்தில், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும்

ஐடிலில் அமைதி, சமமான சாலையில் அமைதி. டாப் கியரில் ஏற்றத்தில் மிதித்தால் மட்டும் பட் பட்டென்று வெட்டும். இக்னிஷன் பழுதின் அசல் முகம் இதுதான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட பிளக் முனையில் பொறி தாவுவதற்கு அதிக வோல்ட் தேவை. காயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட் கிளம்பும்போது அதற்கு எது சுலபமான வழியோ அதில் போய்விடும். பிளக் கேப் (முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி) தேய்ந்து அகன்றிருந்தாலோ, காயிலைப் பிளக்கோடு சேர்க்கும் ரப்பர் பூட் வெடித்திருந்தாலோ, முனைக்குப் போகாமல் பக்கவாட்டில் தாவி எர்த் ஆகிவிடும்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்துப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கம் இங்கே ஏமாற்றும். வெளிக்காற்றில் அழுத்தமே இல்லை, சாகப்போகும் காயில்கூட நீலமாய்ப் பொறி காட்டும். கேப்பை அகட்டி வைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் மட்டும் இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

பிளக்கை வெளியே எடுத்ததும் பலரும் முனையை மட்டும் பார்ப்பார்கள். முனையைப் பாருங்கள், கேப்பை ஃபீலர் கேஜில் அளந்து மேனுவலில் சொன்னதோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான எஞ்சின்களில் 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். ஆனால் அதோடு நிறுத்தாமல் மேலே உள்ள வெள்ளை பீங்கானை வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள்.

என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு அதற்கு முன் இரண்டு முறை பிளக் மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பத்து நாள் நன்றாக ஓடி, மறுபடி பி0303. மூன்றாவது பிளக்கை வெயிலில் பிடித்துத் திருப்பினேன். பீங்கானில் மேலிருந்து கீழ்வரை பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. நகத்தால் சுரண்டினால் போகவில்லை, பெட்ரோல் துணியால் துடைத்தாலும் போகவில்லை. காயிலின் பூட்டைக் கழற்றி பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். அதே இடத்தில் உள்ளேயும் ஒரு சாம்பல் நிறக் கோடு இருந்தது. மின்சாரம் தனக்கென்று ஒரு ஒற்றையடிப் பாதை போட்டு வைத்திருக்கிறது. புது பிளக்கை மட்டும் போட்டால் பழைய பூட் அதன் மேலும் கோடு கிழிக்கும். புது பூட்டை மட்டும் போட்டால் பழைய பிளக் அதைக் கெடுக்கும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால்தான் தீரும்.

அதே பீங்கானில், மெட்டல் பாகத்தை ஒட்டி மேலே பழுப்பாக ஒரு வளையம் இருக்கும். அது பழுதில்லை. உயர்வோல்ட் புலம் காற்றில் உள்ள எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்ட வைத்த கறை, அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு நல்ல பிளக்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய.

பிளக் குழிக்குள் எண்ணெய் நின்றால் டேப்பட் கவர் கேஸ்கட் கசிகிறது. எண்ணெயில் ஊறிய பூட் மெத்தென்று ஆகிவிடும். கேஸ்கட்டை மாற்றாமல் பூட்டை மட்டும் மாற்றினால் அது ஆறு மாத வேலை.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லையா? அப்புறம்தான் இடம் மாற்றும் சோதனை. பி0302 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிலிண்டரின் காயிலை நான்காவதுக்கும், இரண்டாவதின் பிளக்கை மூன்றாவதுக்கும் மாற்றுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு, ஃப்ரீஸ் ஃப்ரேமில் எழுதி வைத்த அதே நிலையில் ஓட்டுங்கள். பி0304 வந்தால் காயில். பி0303 வந்தால் பிளக். பி0302 அங்கேயே நின்றால் இரண்டுமே நிரபராதி, வயரிங், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் போங்கள். எந்தப் பார்ட்டும் வாங்காமல் கிடைக்கும் பதில் இது. இரண்டு காயில் நான்கு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் அமைப்பாக இருந்தால் 1-4, 2-3 என்று ஜோடி போட்டிருக்கும். பி0301, பி0304 இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த ஜோடியின் பொதுக் காயிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இழுவையில் மிஸ் ஆகி, கூடவே பி0171 (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்ற குறியீடு) இருந்து, ஃப்யூல் ட்ரிம் லோடு ஏற ஏற ப்ளஸ்ஸில் ஏறினால் பெட்ரோல் பம்ப் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. மிஸ்ஸிங்கே ட்ரிம்மை ப்ளஸ்ஸுக்குத் தள்ளும். எரியாமல் போன ஆக்ஸிஜனை எக்ஸாஸ்ட் குழாயில் உள்ள சென்சார் பார்த்துவிட்டு 'பெட்ரோல் போதவில்லை' என்று தப்பாகச் சொல்லும். எது முதலில் வந்தது என்று தெரியாமல் பம்பை மாற்றிவிடாதீர்கள்.

ஐடிலில் மட்டும், ரேஸ் பண்ணினால் சரியாகிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். இங்கே இக்னிஷன் குற்றவாளியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. கணக்கில் வராத காற்று உள்ளே போகிறதா என்று பாருங்கள். ட்ரிம் ஐடிலில் ப்ளஸ் 20ஐத் தொட்டு, 2,500 ஆர்பிஎம்மில் ஐந்துக்குள் இறங்கினால் வேக்யூம் லீக் என்று கிட்டத்தட்ட எழுதியே கொடுத்துவிடலாம். ஐடிலில் எஞ்சின் உறிஞ்சும் காற்றே கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியே வருவது பெரிய பங்கு. ரேஸ் ஏறியதும் அந்தப் பங்கு கரைந்துவிடும். இன்டேக் கேஸ்கட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸின் (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்) வளைவு, இவைதான் வழக்கமான இடங்கள். உள்ளே புகையை விட்டுக் கசியும் இடத்தைக் காட்டும் புகை இயந்திரம் இருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ட்ரிம் சரியாக இருந்தும் ஐடிலில் உதறினால், இஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்டேக்குக்கு விடுவது) முழுதாக மூடாமல் நிற்கலாம். அல்லது ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். கம்ப்ரஷன் அளக்கும்போது எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கிறதா என்பது முக்கியம். ஒன்று மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்பு).

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஐடிலில் ஒவ்வொன்றாகக் கப்ளரை (வயரைப் பாகத்தோடு சேர்க்கும் இணைப்பு) கழற்றிப் பார்ப்பது உண்டு. காயில் கப்ளரைக் கழற்றாதீர்கள், இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றுங்கள். அப்போதுதான் பச்சைப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போகாது.

காலையில் முதல் இரண்டு நிமிடம்

ஸ்டார்ட் செய்ததும் மூன்று காலில் நொண்டி, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். பி0316 கூட இருந்தால் ஸ்டார்ட் ஆன முதல் 1,000 சுற்றுக்குள் மிஸ் ஆனது என்று இசியுவே சொல்கிறது.

இதில் பயப்பட வேண்டியது ஒன்று: ராத்திரி முழுக்க ஹெட் கேஸ்கட் வழியாக கூலண்ட் சொட்டு சொட்டாக சிலிண்டருக்குள் இறங்குவது. ரிசர்வாயரில் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், வெளியே எங்கும் கசிவு தெரியாது. மற்ற மூன்று பிளக்கும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆவியில் கழுவினது போலப் பளிச்சென்று இருக்கும். அந்த மாதிரி பிளக்கைப் பார்த்தால் காயில் பேச்சையே விட்டுவிடுங்கள். மாலையில் எஞ்சின் சூடாக இருக்கும்போது கூலிங் சிஸ்டத்தில் பிரஷர் டெஸ்டர் மாட்டி, மறுநாள் காலை பிளக் துளை வழியே சின்ன கேமரா விட்டுப் பார்த்தால் பிஸ்டன் மேல் ஈரம் தெரியும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் வேலையில் மட்டும் அவசரம் கூடாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் சேர்ந்து மிஸ் வந்தாலும் நடுவில் உள்ள கேஸ்கட் பட்டை போயிருக்கலாம். 2-3 ஜோடிக் காயில் வண்டியானால் அதுவும் இப்படித்தான் தெரியும் என்பதால், கம்ப்ரஷன் அளக்காமல் முடிவுக்கு வரக்கூடாது.

கூலண்ட் குறையவில்லை என்றால், மூடின பிறகும் கசியும் இன்ஜெக்டர் இருக்கலாம். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சினில் இன்டேக் வால்வு மேல் படியும் கரியும் உண்டு. அந்த வகையில் வால்வைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை, அதனால் டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்தக் கரியைத் தொடவும் செய்யாது.

சூடேறிய பிறகு

அரை மணி நேரம் ஓடினால்தான் வரும், ஆற வைத்தால் போய்விடும். காயிலின் உள் சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு விடுவது ஒரு காரணம். ஆறிய காயிலை ஓம் மீட்டரில் அளந்து "நல்லாயிருக்கு" என்று சொல்வதில் பயனே இல்லை. ஹேர் டிரையரால் சூடாக்கி ஓட விட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் கிராங்க் சென்சார். அதற்கான குறியீடுகள் பி0335, பி0336, பி0339 இவற்றில் ஏதாவது கூட வரலாம், வராமலும் போகலாம். ஒரு நல்ல துப்பு உண்டு. மிஸ் ஆகும் கணத்தில் டேக்கோமீட்டர் முள்ளைப் பாருங்கள். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்க, முள் மட்டும் சடாரென்று கீழே விழுந்து எழுந்தால் இசியு கிராங்கையே கண்ணில் இழந்திருக்கிறது. அப்போது எல்லா சிலிண்டரும் சேர்ந்து போகும், பளு விட்டுப் போன மாதிரி ஒரு வெற்றிழுப்பு இருக்கும். ஒற்றைச் சிலிண்டர் மிஸ்ஸிங்கின் உதறல் வேறு, இது வேறு.

காஸில் ஓடும் வண்டியில் இன்னொன்று. எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலேறி, டேப்பட் கேப் (வால்வு முழுதாக மூட விடும் இடைவெளி) குறைந்துவிடும். சூடாகி நீண்டதும் வால்வு முழுதாக மூடாது. குளிரில் நல்ல கம்ப்ரஷன் காட்டும், சூட்டில் விட்டுவிடும். டேப்பட் சத்தம் இல்லையே என்று சந்தோஷப்பட வேண்டாம், சத்தம் இல்லாததுதான் இங்கே அறிகுறி.

மழையில், எஞ்சின் கழுவின பிறகு

இருட்டில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்கள் மேல் ஸ்ப்ரேயரால் லேசாகத் தண்ணீர் தூவுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஊரும். கையால் எதையும் தொடாதீர்கள், ஃபேன், பெல்ட் பக்கம் சட்டை நுனிகூடப் போகக்கூடாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தாலே போதும்.

எந்த ஒழுங்கும் இல்லாமல், குலுக்கலில், கிளம்பும்போது

எல்லாரையும் கிறுக்காக்குவது இந்த ரகம்தான். இடம் மாற்றிப் பார்த்தாலும் குறியீடு நகராது, மாற்றின பார்ட்ஸ் எல்லாம் நல்லது. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கப்ளரும் வயரும்தான்.

ரிவர்ஸில் கிளம்பும்போது மட்டும் மிஸ் ஆகும் ஒரு வண்டி. முன்னால் போகும்போது ஒன்றுமில்லை. ரிவர்ஸில் எஞ்சின் மவுண்டிங் மேல் எதிர்ப்பக்கம் சாயும், அந்த ஒரு விரல்கடை அசைவில் காயில் ஹார்னஸ் (வயர்க் கட்டு) இழுபட்டது. வெளியே வயரில் ஒரு கீறல்கூட இல்லை. ஒவ்வொரு வயராக இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தேன். மூன்று வயர் விறைப்பாக நின்றது. நான்காவது ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்து, உறை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. உறையைப் பிளந்தபோது செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

கப்ளருக்குள் உள்ள பெண் பின் தளர்ந்திருந்தால் மீட்டரில் தெரியாது, மீட்டர் முனையே பின்னை அழுத்தி நல்லதாகக் காட்டிவிடும். அதே அளவுள்ள தனி ஆண் பின் ஒன்றை ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்துப் பாருங்கள். மற்றவை கவ்வும்போது ஒன்று மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அதுதான்.

எர்த்தையும் விட்டுவிடாதீர்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பி0351 முதல் வரும் வரிசை குறியீடுகள் இங்கேதான் சேரும். பி0353 என்றால் மூன்றாவது காயிலின் மின்சுற்றில் குறை. இது பி0303 மாதிரி ஊகம் இல்லை, பெரும்பாலும் இசியு காயிலின் பிரைமரி (பேட்டரி வோல்ட் வரும்) பக்கத்தைப் பார்த்துச் சொல்வது. அதனால் பிளக்கை விட்டுவிட்டு நேரே கப்ளருக்குப் போங்கள்: சாவி போட்டால் பேட்டரி வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா, எஞ்சின் சுற்றும்போது சிக்னல் வயரில் துடிப்பு வருகிறதா. துடிப்பைப் பார்க்க எல்இடி டெஸ்டர் மட்டும். பல்பு வைத்த பழைய டெஸ்ட் லாம்ப் இசியுவின் டிரைவரைக் கொன்றுவிடலாம். மறுபக்கம், பி0353 வரவில்லை என்பதால் காயில் நல்லது என்று ஆகிவிடாது. செகண்டரி (பிளக்குக்கு உயர்வோல்ட் போகும்) பக்கம் கசிவதை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை.

பி0300 தனியாக

குறிப்பிட்ட சிலிண்டர் இல்லை, எல்லாரும் மாறி மாறி மிஸ் ஆகிறார்கள். எல்லோருக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: பெட்ரோல் அழுத்தம், தண்ணீர் கலந்த பெட்ரோல், வேக்யூம் லீக், இஜிஆர், டைமிங் செயின். பி0016 (கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்ற குறியீடு) கூட வந்தால் செயின் பக்கம்தான் முதலில். அரிதாக, மிஸ்ஸிங்கே நடந்திருக்காது. மேடு பள்ளச் சாலையில் சக்கரம் அடிக்கும் அடி கிராங்க் வரை போய் சுணக்கம் போலத் தெரியும். இதைப் பிரித்தறியப் பல வண்டிகளில் சக்கர வேகத்தைப் பார்க்கும் ஏபிஎஸ் சென்சாரின் தகவலை இசியு பயன்படுத்துகிறது. ஏபிஎஸ் விளக்கும் எரிந்துகொண்டிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

ஐடிலில் பத்து நிமிடம் ஓட விட்டு விளக்கு வரவில்லை என்று வண்டியைக் கொடுத்துவிடக் கூடாது. ஸ்கேனரில் மோட் 6 திறக்க முடிந்தால் சிலிண்டர் வாரியாக மிஸ் எண்ணிக்கை கிடைக்கும். கேன் (வண்டியின் கணினிகள் பேசிக்கொள்ளும் வலைப்பின்னல்) வழியாக ஸ்கேனரோடு பேசும் வண்டிகளில் ஏ2 என்ற மானிட்டர் முதல் சிலிண்டர், ஏ3 இரண்டாவது, அப்படியே மேலே. ஒவ்வொன்றிலும் 0பி என்பது கடந்த 10 ஓட்டங்களின் சராசரி, 0சி என்பது கடைசி அல்லது இப்போதைய ஓட்டம். பழுது பார்த்த பிறகும் 0பி கொஞ்ச நாள் பழைய பாவத்தைச் சுமந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். 0சியைப் பாருங்கள். எழுதி வைத்த தாளை எடுத்து, அதே சூடு, அதே ஆர்பிஎம், அதே லோடு வரும் இடத்தில் ஓட்டுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒன்றிரண்டு எண்ணிக்கை எந்த நல்ல எஞ்சினிலும் வரும். முன்பு நூற்றுக்கணக்கில் ஏறின அதே ஏற்றத்தில் இரண்டாவது சிலிண்டரும் மற்ற மூன்றும் ஒரே மாதிரி பூஜ்யத்தில் நின்றால், சாவியை வண்டிக்காரரிடம் கொடுக்கலாம்.